ஓடுகிறவர் சொல்லிவிட்டு ஓடட்டும்

ஜனவரி பிறந்தால் மும்பைத் தமிழர் வீடுகளில் பொங்கலுக்கு அடுத்தபடி பேச்சு மாரத்தானைப் பற்றித்தான். 2004-இல் தொடங்கிய இந்த ஓட்டத்தில் இன்று மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எல்லாப் பக்கமிருந்தும் நம்மவர்கள் கலந்துகொள்கிறார்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும், பேரன் பேத்தி எடுத்த மாமிகளும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கூட்டத்தில் இதயத்தின் தாளம் தப்பியவர்களும் சிலர் உண்டு. அவர்களில் பலர் அதை வீட்டிலும் சொல்வதில்லை, கூட ஓடுகிறவர்களிடமும் சொல்வதில்லை. நானும் தாளம் தப்பியவன்தான் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எனக்கு வந்திருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கத் தொடங்கிவிடும். கீழறைகளுக்குப் போக வேண்டிய கட்டளை தாறுமாறாகப் போய்ச் சேரும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால், சண்முகானந்தா சபாவில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே புரிந்துவிடும்: மிருதங்கக்காரர் நடுவில் கணக்கை விட்டுவிட்டார்! வழக்கமாக 130 துடிப்பில் ஓடுகிற அதே வேகத்துக்குக் கைக்கடிகாரம் 180 காட்டும். காலில் பலம் இருக்கும். ஆனால் சின்ன மேம்பாலம் ஒன்று ஏறுவதற்குள் மூச்சு முட்டும்.

'ஹார்ட்' என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் வீடுகளில் ஒரே தீர்ப்புதான்: ஓட்டத்தை நிறுத்து. கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் அழுதாள். "இந்த வயசில் யாருக்குடா மெடல் காட்டணும் உனக்கு?" என்று திருச்சி அக்கா கேட்டாள். அத்திம்பேர் சர்க்கரையை வைத்துக்கொண்டு தெருமுனை வரைகூட நடப்பதில்லை என்று பத்து வருஷமாகக் குறைப்பட்டுக்கொள்பவளும் அதே அக்காதான். அன்பினால் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பு வருவது வேறு, இதயத்தின் மின்சார ஒயரிங்கில் கோளாறு வருவது வேறு. வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டால் எலெக்ட்ரீஷியனையா கூப்பிடுகிறோம்?

ஓட்டத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. சம்பந்தம் உண்டு. ஸ்வீடனில் வாசலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்று நடக்கிறது. அதை முடித்த 52,755 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதிக முறை பங்கெடுத்தவர்களுக்கும், வேகமாக முடித்தவர்களுக்கும் துடிப்புக் கோளாறு அதிகமாக இருந்தது. வருஷக்கணக்காகக் கடும் பயிற்சி செய்யும்போது மேலறைகள் சற்றே விரிந்துவிடுகின்றன என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மறுபுறம், மிதமான உடற்பயிற்சி இதே நோயைத் தள்ளிப்போடுகிறது என்பதும் மருத்துவம் சொல்வதுதான். எடையும் ரத்த அழுத்தமும் ஏறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது வரும். ஆகவே 'நிறுத்து' என்பதும் பதிலில்லை, 'ஒன்றுமில்லை, ஓடு' என்பதும் பதிலில்லை. எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாளக் கோளாறுகள் எல்லாம் ஒரு ஜாதி அல்ல. கீழறையில் பிறக்கும் சில கோளாறுகளிலும், இதயத் தசை தடித்துப்போன சில நோயாளிகளுக்கும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னால், அதுதான் வைத்தியம். ஓடும்போது மயங்கி விழுந்தவர்கள், நெஞ்சு வலி கண்டவர்கள், சின்ன வயதில் திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்தவர்கள் ஆகியோர் பரிசோதனை முடியும் வரை ஷூவைத் தொடக் கூடாது. அமெரிக்க ஓட்டக்காரர் ரயன் ஷே 2007 நவம்பரில் நியூயார்க்கில், ஒலிம்பிக் மாரத்தான் தேர்வு ஓட்டத்தின்போதே விழுந்து இறந்தார். வயது 28. அவருக்கு இதயம் பெரிதாகியிருந்தது.

என்னுடைய வகைக்கு உண்மையான ஆபத்து எங்கே என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்காகத்தான் வயதையும் மற்ற நோய்களையும் கணக்குப் பார்த்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டதாலேயே பிழைத்தோம் என்று எண்ணி இந்த மாத்திரையை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய விபரீதம்! துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வேறு உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் கட்டை வண்டியில் பூட்டிய மாதிரி இருக்கும். நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் நாளங்களின் வாயில்தான் பெரும்பாலும் இந்தக் கலகம் பிறக்கிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர டாக்டர்கள் கண்டு சொன்ன பிறகு, அந்த இடத்தைச் சுட்டு அடக்கும் அப்லேஷன் சிகிச்சை பரவியது. எனக்கும் செய்தார்கள். பெரிய அளவில் குணம் தெரிகிறது. திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். வீட்டில் தடை விழுந்தால் ஓடுகிறவர் நிறுத்துவதில்லை, மறைக்கிறார். எனக்குத் தெரிந்த ஒருவர் வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போய் 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறார். உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அவர். நம் ஊர் நடைபாதைக் கல் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், அந்த மாத்திரையைப் பற்றி ஆஸ்பத்திரியில் யார் சொல்வது? ஊரிலென்றால் விழுந்தவரை அடையாளம் கண்டு ஓடிவர ஒன்றுவிட்ட சித்தப்பாவாவது இருப்பார். இங்கே காலை ஐந்து மணிக்கு நம் பக்கத்தில் இருப்பவர் ஒரு மராத்திக்காரரோ குஜராத்திக்காரரோதான். நம்மைத் தூக்கப் போகிறவர் அவர். அவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மனைவியிடம் வழியைச் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்புகிறேன். முழு மாரத்தானை விட்டுப் பாதிக்கு வந்துவிட்டேன். கிளம்பும் முன் ஒரு நிமிஷம் நாடி பார்ப்பேன். தாளம் சரியில்லை என்றால் அன்று காபி குடித்துவிட்டு ஹிண்டு பேப்பர் படிப்பதோடு சரி. நடுவழியில் தப்பினால் டாக்சி பிடித்துவிடுவேன். நோயும் மாத்திரையும் பந்தய எண் அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும். வீட்டில் இதற்குச் சம்மதம் கிடைத்ததற்குக் காரணம், டாக்டரிடம் மனைவியையும் கூட்டிப் போனதுதான். என்னைவிட அவள்தான் அதிகக் கேள்வி கேட்டாள்.

அமெரிக்காவில் 2000-லிருந்து 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடித்தவுடனோ இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். மிக அபூர்வம்தான். பிழைத்தவர்கள் விஷயத்தில், பக்கத்திலிருந்தவர்கள் உடனே மார்பை அழுத்தியது பெரிதும் உதவியது. 2021-இல் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்து பிழைத்ததும் அப்படித்தான். உடம்புக்குள் டிஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொண்டு அடுத்த வருஷமே ஆட வந்துவிட்டார்.

மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம் அழுத்த வேண்டும். ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். சங்கத்தின் செயற்குழு ஒரு டாக்டரையும் ஒரு பொம்மையையும் ஏற்பாடு செய்தால் போதும். நம் மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகத்தான் கிடக்கிறது. ஒன்பது மணிக்கு வைத்தால் நான் ஓடி முடித்து, குளித்துவிட்டு வந்து, நாற்காலி போட உதவுகிறேன்.