டாஷ்போர்டில் தீபாவளி

பழைய காரைக் கட்டிக் காப்பாற்றுகிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. பிரீமியர் பத்மினி அதற்கு வெகு முன்பே விடைபெற்றுக்கொண்டது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் காண வேண்டுமானால் பழைய கார்களின் ஊர்வலம் என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். இப்படிப்பட்ட வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு ரப்பர் வளையத்துக்காகப் புதுப்பேட்டைச் சந்துகளில் அரைநாள் அலைகிறவரைப் பைத்தியம் என்று பிறர் சொல்லட்டும், நான் சொல்லமாட்டேன். என்னுடைய சண்டை வேறொரு கூட்டத்தாருடன். வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதன் முகத்தில் அரிதாரம் பூசி, கண்ணுக்கு நீல மையிட்டு, தீபாவளிக் கடைவீதி மாதிரி ஜொலிக்க வைத்துவிட்டு, "எப்படி?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்களே, அவர்களுடன்.

கேட்டார் ஒருவர், ஆரம்பாக்கத்தில்.

சென்னையிலிருந்து கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்கப்போகிற இடத்தில் இருக்கிற ஊர் அது. எளாவூர்ச் சோதனைச்சாவடியைத் தாண்டி வருகிற லாரிகளுக்கும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகளுக்கும் அங்கே ஓய்வே கிடையாது. லாரி இருக்கும் இடத்தில் தகரக் கொட்டகையும், கொட்டகையில் மெக்கானிக்கும் இருப்பது இயற்கை. இந்த ஜில்லாவுக்கும் அம்பாஸடருக்கும் ஒருவிதத்தில் சொந்தம் உண்டு. அம்பாஸடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்காரர்கள்தாம் திருவள்ளூரில் தொழிற்சாலை போட்டு 1998 முதல் மிட்சுபிஷி லான்ஸர் கார்களைத் தயாரித்தார்கள். 2017-இல் அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் பியூஷோ என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு எண்பது கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வண்டி இல்லை, வெறும் பெயர். அதற்கு எண்பது கோடி!

அந்தப் பெயரைத் தாங்கிய வெள்ளை வண்டி ஒன்று கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அந்திநேரம். சொந்தக்காரர் சாவியைத் திருப்பினார். ஸ்பீடாமீட்டர் நீலம், பெட்ரோல் முள் நீலம், காலடியில் ஒரு நீலப் பட்டை, கியர் மாற்றும் தண்டின் அடியில்கூட ஒரு நீல வளையம். பழைய டயலின் எண் தகட்டை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

"எப்படி சார்? ஏரோப்ளேன் மாதிரி இல்லே?" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற மெக்கானிக் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு தனியாக, "கஸ்டமர் கேக்கறாங்க சார், போட்டுக் குடுக்கறேன். வேணாம்னு சொன்னா அடுத்த ஷெட்டுக்குப் போயிடுவாங்க" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது வயிற்றுப்பாடு.

ஆனால் ஏரோப்ளேன் என்ற வார்த்தையைச் சொன்ன இடத்திலேயே சொந்தக்காரர் வழக்கில் தோற்றுவிட்டார். ராத்திரியில் விமானம் ஓட்டுகிறவன் எதிரே உள்ள விளக்குகளை எவ்வளவு தணிக்கலாமோ அவ்வளவு தணித்துக்கொள்கிறான். அவன் பார்க்க வேண்டியது வெளியே. ஸ்வீடன் தேசத்து சாப் கம்பெனி விமானமும் செய்தது, காரும் செய்தது. 1990-களில் அவர்களுடைய கார்களில் ஒரு பொத்தான் வைத்தார்கள். ராத்திரி நெடுஞ்சாலையில் அதை அமுக்கினால் ஸ்பீடாமீட்டரைத் தவிர மற்ற டயல்கள் எல்லாம் இருண்டுவிடும். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அதற்குரிய டயல் விழித்துக்கொள்ளும். ஏரோப்ளேன் மாதிரி என்றால் அதுதான் ஏரோப்ளேன் மாதிரி. ஆரம்பாக்கத்தில் நான் பார்த்தது கல்யாண மண்டபம் மாதிரி.

மனிதனுடைய கண்ணின் விஷயத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். இருட்டில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் ஒருவகை அணுக்கள் இருக்கின்றன. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் அவை முழுபலம் பெற அரைமணி நேரம்கூடப் பிடிக்கும். பலமான வெளிச்சம் பட்டாலோ உடனே சோர்ந்துவிடும். அவை சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட சட்டைசெய்வதில்லை. நீலமும் பச்சையும் கலந்த ஒளிக்குத்தான் மிகவும் கூசும். அதனால்தான் மாலுமிகளும் விமானிகளும் சிவப்பு விளக்கை நாடினார்கள். போதாததற்கு, தூரத்தைப் பார்க்கும் கண்ணுக்குள் நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகிறது. எழுத்தின் ஓரம் மங்கித் தெரிகிறது. கண்ணுக்கு எதை வைக்கக் கூடாதோ, அதைத் தேடிப்பிடித்து, காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்!

இந்த நீல மோகத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி. விளக்கை ஜப்பானில் 1993-இல் வெளியிட்டார்கள். அதற்கு அடிகோலிய மூன்று பேருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிடைக்கவேண்டியதுதான், இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. அதிலிருந்து பிறந்ததே. புதிய பண்டம் ஒன்று மலிவாகக் கிடைத்தவுடன் அதை எங்கே பொருத்தலாம் என்று கை துறுதுறுப்பது மனித சுபாவம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் சுருள் சுருளாகத் தொங்குகிறது. ஆகவே பொருத்துகிறோம்.

இதையெல்லாம்விட என் நெஞ்சை உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. டாஷ்போர்டில் நீல நிறத்துக்கு ஓர் உத்தியோகம் ஏற்கெனவே உண்டு. முன்விளக்கு 'ஹைபீம்' என்னும் உயர்ந்த வீச்சில் எரிகிறது என்பதைக் காட்டும் சிறு புள்ளி நீலம். உலகம் முழுவதும் அப்படித்தான். "அப்பா, உன் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிறது, தாழ்த்து" என்று சொல்லும் ஒரே ஒரு புள்ளி அது. முகப்பு முழுவதையும் நீலமாக்கிவிட்டால் அந்தப் புள்ளி எங்கே போய்ச் சொல்லும்? கொட்டகையில் நின்ற வண்டியில் அதைக் கண்டுபிடிக்க நான் குனிந்து தேடவேண்டியிருந்தது. வண்டி நின்றுகொண்டிருந்ததால் தேட முடிந்தது. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடிக்குப் பதினேழு மீட்டர் கடந்துவிடும்.

ஆறு தடம் போட்டு நடுவே சுவர் வைத்த நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலை போன்றவற்றை நினைத்துப் பாருங்கள். எதிரே சைக்கிளில் இரண்டாம் ஷிஃப்டு முடித்து ஒருவன் வருகிறான். அவனுக்குப் பின்னால் டிராக்டர். நம்மவருடைய ஹைபீம் இருவர் கண்ணையும் அவித்துக்கொண்டு போகிறது. நம்மவரோ நீலக் குளத்தில் மிதந்துகொண்டு, தம் வண்டியின் அழகைத் தாமே ரசித்துக்கொண்டு போகிறார்.

"என் வண்டி, என் பணம், உமக்கென்ன?" என்பார்கள். வண்டி உம்முடையதுதான் ஐயா, சாலை உம்முடையதல்லவே! தயாரித்த கம்பெனியின் குறிப்புக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டம் டாஷ்போர்டு பல்புவரை எட்டிப் பார்க்குமா என்ற வக்கீல் வாதத்துக்கு நான் வரவில்லை. போலீஸ்காரர் பிடிப்பாரா என்பதா இங்கே கேள்வி?

இன்னும் சிலர் புத்திசாலித்தனமாக, "டயலைத் தொடமாட்டேன், பல்பை மட்டும் மாற்றுகிறேன்" என்பார்கள். அதிலும் பொறி இருக்கிறது. பழைய மாரிஸ் மைனர் வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். சாதா பல்புக்கு அது பொருட்டில்லை. எல்.இ.டி.யைத் தலைகீழாகப் போட்டால் எரியாது. எரியாவிட்டால் போகிறது, சார்ஜ் ஆவதைக் காட்டும் சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதைத் தொடுவதுதான் விபரீதம். ஆல்டர்னேட்டர் வைத்த வண்டிகள் பலவற்றில் அந்த இரண்டு வாட் சொச்சம் பல்பு வெறும் விளக்கல்ல. அதன் வழியாகப் போகிற மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டியெழுப்புகிறது. அந்த இடத்தில் எல்.இ.டி.யைப் போட்டால், மின்சாரம் போதாமல் ஆல்டர்னேட்டர் தூங்கிவிடக்கூடும். பாட்டரி வற்றும். பழவேற்காட்டுப் பக்கம் நடுராத்திரியில் வண்டி நிற்கும். அப்போதும் காலடியில் நீலப் பட்டை கொஞ்ச நேரம் அழகாக எரிந்துகொண்டிருக்கும்.

எதையுமே மாற்றக்கூடாது என்று மடிசஞ்சித்தனம் பேசுகிறேன் என்று எண்ணவேண்டாம். மைல் கணக்கில் உள்ள பழைய ஸ்பீடாமீட்டரில் கிலோமீட்டர் எண்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மைல்கல் போய்க் கிலோமீட்டர் கல் வந்து எத்தனையோ காலமாயிற்று. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் இல்லாத வண்டியில் ஒன்று வாங்கி வையுங்கள். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிப்பதற்கு முன்னால் அது சொல்லிவிடும். கோயம்புத்தூரில் பிரிக்கால் கம்பெனியார் மீட்டர் செய்வதையே தொழிலாகக் கொண்டு அரை நூற்றாண்டாகிறது. நம் நாட்டில் நல்ல மீட்டருக்குப் பஞ்சமில்லை. பந்தயக்காரர்களில் சிலர் டயலையே திருகி வைத்துக்கொள்வார்கள், எல்லாம் சரியாக இருக்கும்போது முட்கள் அத்தனையும் நேர்மேலே நிற்கும்படி. எண்ணைப் படிக்காமல் ஓரக்கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். அதுவும் மாற்றம்தான். அதைச் செய்தவனுக்கு முள் எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

ஆரம்பாக்கத்து வெள்ளை வண்டியிலிருந்து கழற்றிய எண் தகட்டை அந்த மெக்கானிக் எறிந்துவிடவில்லை. கறுப்புத் தகடு, வெள்ளை எண்கள், ஒரு கீறல்கூட இல்லை. பழைய பனியன் துணியில் சுற்றி, பெஞ்சுக்கு அடியில் ஸ்பானர் டப்பாவுக்குள் வைத்திருந்தார். "திரும்பி வந்து கேப்பாங்க சார்" என்றார்.