ஒரு சிறுகோட்டை அழித்தார், 400 ஆண்டுச் சட்டம் வந்தது: அமெரிக்க மாநிலங்களில் உண்மையில் யாருக்கு அதிகாரம்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் ஒரு மாணவருக்கு இவ்வளவுதான் வருவாய் திரட்டலாம் என்ற உச்சவரம்பை, ஆண்டுக்கு 325 டாலர் உயர்த்திக்கொண்டே போகலாம் என்கிறது அது. எதுவரைக்கும்? 2425-ம் ஆண்டு வரை. டைப்பிங் மிஸ்டேக் இல்லை. முழுசாக 400 ஆண்டுகள்.

சட்டமன்றம் நிறைவேற்றியது இதை அல்ல. 2023 பட்ஜெட் மசோதாவில் அவர்கள் எழுதியிருந்தது 2023-24, 2024-25 என்ற இரண்டே கல்வியாண்டுகளுக்கு மட்டும்தான். கையெழுத்துக்கு வந்தபோது ஆளுநர் டோனி எவர்ஸ் நடுவில் இருந்த சில சொற்களையும், ‘20’ என்ற இலக்கங்களையும், ஒரு சிறுகோட்டையும் அடித்துவிட்டார். மிச்சம் நின்றது ‘2023-2425’. அவர் புதிதாக ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

ஓர் ஆளுநர் இப்படியெல்லாம் செய்ய முடியுமா?

‘ஆளுநர்’ என்ற சொல்தான் குழப்பம்

இங்கே ஆளுநர் என்றால் குடியரசுத் தலைவர் நியமித்து அனுப்புபவர். அமெரிக்காவில் அதே சொல்லால் நாம் குறிப்பிடுபவர் மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அதிபர் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அப்படியானால் நம்ம ஊர் முதல்வர் மாதிரியா? அதுவும் பாதிதான் சரி. முதல்வருக்குச் சட்டமன்றப் பெரும்பான்மை வேண்டும். அமெரிக்க ஆளுநருக்கு அது தேவையே இல்லை. எவர்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த பட்ஜெட்டை அவரிடம் அனுப்பிய சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன.

இன்னொரு வித்தியாசம் அமைச்சரவையில். முதல்வர் தன் அமைச்சர்களைத் தானே தேர்வுசெய்கிறார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முக்கியப் பதவிகள் பலவற்றுக்கு மக்களே தனித்தனியாக ஓட்டுப்போடுகிறார்கள். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 43 மாநிலங்களில் நேரடித் தேர்தலில் வருபவர். விஸ்கான்சினில் கருவூல அதிகாரிக்கும் தேர்தல், பள்ளிக் கல்வித் தலைவருக்கும் தேர்தல். எவர்ஸே ஆளுநராகும் முன் அந்தப் பள்ளிக் கல்விப் பதவிக்கு மூன்று முறை ஜெயித்தவர். பள்ளிப் பணத்தில் அவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டில் சில சமயம் காமெடியும் நடக்கும். 2021 மே மாதம் ஐடஹோ மாநில ஆளுநர் பிராட் லிட்டில் வெளிமாநிலம் போயிருந்தார். அவர் ஊரில் இல்லாதபோது பொறுப்பு துணை ஆளுநருக்கு. அந்தப் பதவியும் அங்கே தனித் தேர்தல். துணை ஆளுநர் ஜானிஸ் மெக்கீச்சின் கிடைத்த கேப்பில், மாஸ்க் கட்டாயம் என்ற உள்ளூர் உத்தரவுகளுக்குத் தடை போட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். லிட்டில் திரும்பி வந்த மறுநாளே அதை ரத்து செய்தார். இருவரும் ஒரே கட்சி!

ஏன் இப்படி அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தார்கள்? பிரிட்டிஷ் மன்னரின் ஆளுநர்களிடம் பட்ட அனுபவம்தான் தொடக்கம். 1776-ல் பென்சில்வேனியா எழுதிய அரசியல் சட்டத்தில் ஆளுநர் என்ற பதவியே கிடையாது. நிர்வாகத்தை ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் ‘எல்லாப் பதவிக்கும் தேர்தல்’ என்ற அலை வேறு சேர்ந்துகொண்டது.

சட்டமன்றங்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் 400 உறுப்பினர்கள், ஆண்டுச் சம்பளம் 100 டாலர். டெக்சாஸில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நெப்ராஸ்காவில் ஒரே ஒரு அவைதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் இருப்பதால்தான் இத்தனை வகை.

அதிபருக்கே இல்லாத பேனா

ஒரு மசோதாவை முழுதாக ஏற்கலாம், இல்லை முழுதாக நிராகரிக்கலாம். அமெரிக்க அதிபருக்கு இருப்பது அவ்வளவுதான். பகுதி பகுதியாக நீக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் பில் கிளின்டனுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் 44 மாநிலங்களின் ஆளுநர்களுக்கு நிதி மசோதாவில் குறிப்பிட்ட ஒதுக்கீடுகளை மட்டும் வெட்டும் அதிகாரம் இருக்கிறது. அதில் விஸ்கான்சின் ரொம்ப தாராளம். 1930 முதல் அங்கே ‘பகுதி வீட்டோ’ உண்டு. இரு கட்சி ஆளுநர்களும் அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உருவாக்கக் கூடாது என்று 1990-ல் ஒரு திருத்தம் வந்தது. இரண்டு வாக்கியங்களின் துண்டுகளை ஒட்டக் கூடாது என்று 2008-ல் இன்னொன்று. எண்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை!

வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 99 பேர் கொண்ட கீழவையில் அதற்கு 66 பேர் தேவை. 2022 தேர்தலில் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தது 64. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 18 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் எவர்ஸ் செய்தது செல்லும் என்றது. இலக்கங்களை அடிக்க அரசியல் சட்டத்தில் தடை இல்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம்.

அந்த 4-3 எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. விஸ்கான்சினில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்கள், பதவிக்காலம் 10 ஆண்டு. இந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன், ஏப்ரல் 1 அன்று, ஒரே ஒரு நீதிபதி இடத்துக்கு நடந்த தேர்தலில் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவானது. எலான் மஸ்க் நேரில் வந்து வாக்காளர்களுக்கு 10 லட்சம் டாலர் செக் கொடுத்தார். அப்படியும் அவர் ஆதரித்த வேட்பாளர் தோற்றார்.

ஒரு மாநில நீதிபதி பதவிக்கு இவ்வளவு பணமா என்று தோன்றலாம். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் முடிவுக்கு விட்டது. உடனே விஸ்கான்சினில் 1849-ம் ஆண்டின் பழைய சட்டம் மறுபடி உயிர்பெற்றுவிட்டதோ என்ற பயத்தில் கிளினிக்குகள் ஓராண்டுக்கும் மேலாகக் கருக்கலைப்பை நிறுத்தி வைத்தன. அந்தச் சட்டம் இனி செல்லாது என்று சொன்னது வாஷிங்டன் அல்ல, இதே மாநில நீதிமன்றம். 2025 ஜூலையில், அதே 4-3. பள்ளி, திருமணம், டிரைவிங் லைசென்ஸ், பெரும்பாலான குற்றவியல் சட்டங்கள், தேர்தல் நடத்துவது எல்லாமே மாநிலத்தின் கையில். கூட்டாட்சிக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 1791-ல் சேர்ந்த பத்தாவது திருத்தம்.

பில் யாருக்கு வரும்?

மறுபடி அந்த 325 டாலருக்கு வருவோம். எவர்ஸ் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டார் என்று பல செய்திகளைப் படிப்பவருக்குத் தோன்றும். கொடுக்கவில்லை. வசூலிக்கும் வரம்பை மட்டும் தூக்கிவிட்டார். அந்தத் தொகையை மாநில உதவியாகத் தர வேண்டியது சட்டமன்றம். அது தராவிட்டால் பள்ளி வாரியங்கள் உள்ளூர் சொத்து வரியில் கை வைக்கும். அப்போது டிசம்பரில் வரும் வரி பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் யாரைத் திட்டுவது? ஆளுநர் சட்டமன்றத்தைக் கைகாட்டுவார், சட்டமன்றம் ஆளுநரின் பேனாவைக் காட்டும். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கும்.

400 ஆண்டு என்பது நிரந்தரமும் அல்ல. புதுச் சட்டம் போட்டு இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஆளுநர் கையெழுத்து இருந்தால். வீட்டோ அதிகாரத்தையே குறைக்க வேண்டுமென்றால் வேறு வழி: அரசியல் சட்டத் திருத்தம். அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் அதை நிறைவேற்றி, பிறகு மக்கள் வாக்களிக்க வேண்டும். அதற்கு ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. எவர்ஸ் 2026 தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று 2025 ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்.