பேச்சுக்கும் சுங்கமா?

வாயைத் திறந்து பேசினால் வரி கட்டவேண்டும் என்று எந்தக் கொடுங்கோல் மன்னனும் சட்டம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. உப்புக்கு வரி போட்டவர்கள் உண்டு. நாவுக்கு விலை வைக்க அவர்களும் தயங்கினார்கள். அந்தத் தயக்கம்கூட இல்லாதவர்கள் நம் காலத்தில் தோன்றியிருக்கிறார்கள். கைப்பேசிக் கம்பெனிக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். பிழைப்புக்காகக் கடல் கடந்து போன பிள்ளைகளையும் கணவன்மார்களையும் நினைத்துக்கொண்டு வாழும் வீடுகள் இந்தப் பக்கத்திலும் உண்டு. அங்கே அவன் வேலை முடிந்து கட்டிலில் சாய்கிற நேரத்தில், இங்கே அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாட்ஸப்பைத் திறக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிற்றா, சீட்டுப் பணம் கட்டியாயிற்றா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பேச்சு ஓடுகிறது. குரலைச் சின்னஞ்சிறு பொட்டலங்களாக்கி அனுப்பும் வித்தை அது; ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி. போதும். தினம் ஒன்றரை ஜி.பி. என்று வாங்கிய டேட்டாவில் அரை மணி நேரப் பேச்சு ஐம்பதில் ஒரு பங்குதான். அதே அரை மணியை வெளிநாட்டு அழைப்பாகப் பேசியிருந்தால் நிமிடத்துக்கு நிமிடம் ரூபாய் கரைந்திருக்கும்.

கம்பெனிகளுக்கு வயிறு எரிந்ததன் காரணம் இதுதான். 2014 டிசம்பரில், இணையத்தின் வழியாகப் பேசும் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது ஏர்டெல். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸாயிற்று. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மக்களின் கருத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, டேட்டாவை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்துக் கட்டணத்தை மாற்றக்கூடாது என்று டிராய் விதி செய்தது.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 2023 ஜூலையில், பேசும் செயலிகளை எப்படிக் கட்டுப்படுத்துவது, சிலவற்றை மட்டும் எப்படித் தடுப்பது என்று டிராய் மறுபடியும் கேள்வித்தாளை நீட்டியது. “ஒரே சேவைக்கு ஒரே சட்டம் வேண்டும், எங்கள் கம்பிவழியே சம்பாதிக்கிறவர்கள் எங்களுக்குப் பங்கு தரவேண்டும்” என்று கம்பெனிகள் கொடி பிடித்தன.

கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. “பல்லாயிரம் கோடி கொட்டி அலைவரிசையை ஏலம் எடுத்தோம், டவர் நட்டோம், எவனோ ஓசியில் சவாரி செய்கிறான்” என்கிறார்கள். யார் ஓசியில் போனது? அந்தச் சவாரிக்குக் கூலி கொடுத்தவள் கச்சிராயபாளையத்துப் பெண் அல்லவா? ரீசார்ஜ் செய்தபோதே ரொக்கம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டீர்களே! பால்காரர் ஒரு படி பாலை அளந்து ஊற்றிக் காசு வாங்கிக்கொண்டு போகிறார். சாயங்காலம் திரும்பி வந்து, “காபி போட்டால் சரி, பாயசம் வைத்தால் இன்னும் பத்து ரூபாய் கொடு” என்றால் நாம் என்ன சொல்வோம்? அதையேதான் இவர்களுக்கும் சொல்லவேண்டும். வாட்ஸப் இல்லையென்றால் இந்த டேட்டாவை வாங்க எத்தனை வீடுகளில் ஆள் இருக்கும் என்பதையும் அவர்கள் யோசிக்கட்டும்.

கல்வராயன் மலைக்கு இந்த நியாயம் புதிதல்ல. 1976-ஆம் ஆண்டு வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நிலத்தில் உழைத்தவன் ஒருவன், உட்கார்ந்து பங்கு வாங்கியவன் இன்னொருவன். அரசாங்கம் அந்த ஜாகீரை ஒழித்தது. இன்று காற்றில் ஒரு ஜாகீர் கேட்கிறார்கள்!

பங்கு கேட்பவர்கள் தங்கள் கடமையையாவது செய்திருக்கிறார்களா? கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிப் போய், அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குக்கிராமங்களைப் பாருங்கள். டவர் கிடைக்கும் பாறையைத் தேடிப் போய் நின்று பேசவேண்டிய இடங்கள் உண்டு. லாபம் இல்லாத ஊருக்குத் தனியார் போவதில்லை. நாடு முழுவதும் இப்படி விடுபட்ட 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க, 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, பி.எஸ்.என்.எல்.லின் தலையில் வேலையைச் சுமத்தியது. மேட்டுக்குச் செலவு பொதுப்பணத்தில்; பள்ளத்தில் வரவு மட்டும் இவர்களுக்கா? போதாக்குறைக்கு 2024 ஜூலையில் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. மிச்சமான தினசரி டேட்டாவோ நள்ளிரவில் சாம்பலாகிவிடுகிறது. அதை மட்டும் திருப்பித் தருவார்களா?

“செயலிகளின் வழியாக மோசடி நடக்கிறதே, போலீஸ் வேஷம் போட்டுப் பணம் பறிக்கிறார்களே” என்று சிலர் கேட்கலாம். நடக்கிறது. திருடனைப் பிடிக்கச் சட்டம் வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் தெருவில் திருடன் நடமாடுகிறான் என்பதற்காக, தெருவில் நடக்கிற ஒவ்வொருவரிடமும் கம்பெனிக்குக் கப்பம் வசூலிப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் வெளியே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் நெடுங்காலம் வாட்ஸப் அழைப்பை அடைத்து, உரிமம் பெற்ற செயலிகளுக்கு மட்டும் வழிவிட்டது. வேலைக்குப் போனவன் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி, மகளின் குரலைக் கேட்கவே போயிற்று. சவூதி அரேபியாவே 2017 செப்டம்பரில் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. அவர்கள் கழற்றிய விலங்கை நாம் எடுத்து மாட்டிக்கொள்வதா?

இந்தச் சங்கதி நமக்கு எதற்கு என்று நடுத்தர வர்க்கத்து வாசகர்கள் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பிள்ளை அமெரிக்காவில் இருக்கலாம். கட்டணம் ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவீர்கள். மலையடிவாரத்துப் பெண் கட்டமாட்டாள், பேச்சைக் குறைத்துக்கொள்வாள். டிராய் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது அவள் எழுதப்போவதில்லை. எழுதத் தெரிந்த நீங்கள் அவளுக்காகவும் எழுதுங்கள்.