கைவிரித்த பிறகும் வைத்தியம் உண்டு

"டாக்டர் கைவிரித்து விட்டார், வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லி விட்டார்!" காவிரிக் கரை ஊர்களில் இந்தப் பேச்சு புதிதன்று. திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தார் பெரிய வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை நாடுகிறார்கள். அங்கிருந்து புற்றுநோயாளி திரும்பிவிட்டால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டார் முடிவு கட்டி விடுகிறார்கள். நோயைத் தீர்க்க முடியாமற் போகலாம்; வலியைத் தணிக்கவுமா முடியாது?

முடியும் என்று காட்டவே 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். 1986-ல் பம்பாயில் சாந்தி அவேதனா இல்லம் தோன்றியது. இந்தியாவின் முதல் அந்திமக் காலப் பராமரிப்பு இல்லம் அதுவே. சென்னையில் ஜீவோதயா இல்லம் புற்றுநோயாளிகளை இலவசமாகப் பராமரிக்கிறது.

யாரைச் சேர்ப்பார்கள்?

அமெரிக்காவில் அரசாங்கக் காப்பீட்டின் கீழ் சேர, ஆயுள் ஆறு மாதத்துக்கு மேல் இராது என்று இரண்டு டாக்டர்கள் எழுதித் தர வேண்டும். நம் நாட்டில் அப்படி நாட்கணக்குச் சட்டம் இல்லை. பெரும்பாலும் டாக்டரின் சீட்டு, சிகிச்சைக் காகிதங்கள், குடும்பத்தாரின் சம்மதம் ஆகியவையே கேட்கப்படுகின்றன.

ஆயினும், கடைசி இரண்டு மூன்று நாட்களில் கொண்டு போய் என்ன பயன்? உண்மையை மறைப்பதே அன்பு என்று எண்ணி, நோயாளியைத் தவிர மற்ற எல்லோரையும் கலந்து பேசுகிறார்கள்! கண்ணியமாக இறப்பதும் ஒருவரின் உரிமையே என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்கு உரியவரையே முதலில் கேட்க வேண்டும் அல்லவா?

கேட்டால் பலர் சொந்த வீட்டையே விரும்புவார்கள். அதற்கும் வழி உண்டு. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய சங்கம், தொண்டர்களைக் கொண்டு வீடு தேடிச் சென்று வலி தணிக்கும் முறையை வளர்த்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தச் சேவை சேர்ந்திருக்கிறது.

ஆகவே, பெரிய ஆஸ்பத்திரி ஒரு நோயாளியை ஊருக்கு அனுப்பும் அன்றே, அந்த வட்டார நர்சுக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும். மார்பின் மாத்திரைக்கான கட்டுப்பாடு 2014-ல் சட்டத் திருத்தத்தால் தளர்ந்தது. தேவைப்படுவோருக்கு அம்மாத்திரை உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும். வலியோடு துடிப்பவரின் வீட்டார் சீட்டுக்காக அலையக் கூடாது.

பிறக்கும் குழந்தையை வரவேற்க ஊர்தோறும் நர்சு வருகிறார். விடைபெறும் முதியவருக்கும் அதே அக்கறையைக் காட்டுவதுதான் நியாயம்.