மூடிக்கு யார் பொறுப்பு?

தவறுதலாக நஞ்சைக் குடித்து மருத்துவமனைக்கு வரும் சின்னஞ்சிறு குழந்தைகளில் ஆண் பிள்ளைகளே அதிகம். மண்ணெண்ணெய், பினாயில், டாய்லெட் ஆசிட், எலி பேஸ்ட், பாட்டியின் பிரஷர் மாத்திரை. 'பையன் வால்' என்கிறார்கள். 'தாய் கவனிக்கவில்லை' என்கிறார்கள். அத்தோடு ஃபைலை மூடிவிடுகிறார்கள். பாட்டிலுக்குத்தான் மூடி இல்லை.

இரண்டு வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். ஆணும் வைக்கும், பெண்ணும் வைக்கும். பையனை ஓடவிட்டு, பெண்ணைக் கண்ணெதிரே இருத்தி வளர்ப்பவர்கள் நாம். அந்த எண்ணிக்கை வித்தியாசத்தில் நம் வளர்ப்புக்கும் பங்குண்டு. தவிர, பதிவேட்டில் ஏறுவது தூக்கி வரப்பட்ட குழந்தைகள் மட்டுமே. குடித்தும் வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண் குழந்தைகள் எத்தனை பேர்? சுகாதாரத் துறை பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளால் திறக்க முடியாத மூடிக்கு அமெரிக்கா 1970இலேயே சட்டம் போட்டது. தென்னாப்பிரிக்காவில் மண்ணெண்ணெய்க்கு அத்தகைய கலன்களை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1994இல் வெளியான ஆய்வு அது. அந்த மூடி ஆண், பெண் பார்க்கவில்லை.

இங்கே சிரப் பாட்டிலுக்கே அந்தக் கட்டாயம் கிடையாது. ஆசிட் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கடிவாளம் போட்டது. வாங்குபவரின் விவரத்தைப் பதியச் சொன்னது. மூன்று சக்கர வண்டியில், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், ஆசிட்டும் பினாயிலும் இன்னும் தெருவுக்கு வருகின்றன. லேபிள் இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை. தெருவே கேட்கக் கூவித்தான் விற்கிறார்கள். அதிகாரிகளின் காதில் மட்டும் விழவில்லை.

மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மண்ணெண்ணெய் அளக்கும் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் இந்த ஒரு வரியை எழுதிவைக்க எத்தனை ரூபாய் செலவாகும்?

தாயைக் குற்றவாளியாக்கியது போதும். மருந்துக்கும் வீட்டு ரசாயனத்துக்கும் பிள்ளை திறக்காத மூடியை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். லேபிளில்லா விற்பனையை உள்ளாட்சியும் காவல்துறையும் நிறுத்த வேண்டும். நிறுத்தாத அதிகாரியிடம் விளக்கம் கேட்க வேண்டும். குடித்த பிள்ளை ஆணா பெண்ணா என்று எழுதும் அதே பக்கத்தில், எந்தப் பாட்டில், விற்றவர் யார் என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.