சொல்லிவிடக்கூடிய சாவி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. சென்ற ஆண்டு அது எங்கள் வீட்டு உண்மையாயிற்று.

என் அக்காள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறாள். ஒரு மாலை, சரக்கு வண்டி வாசலில் காத்து நிற்கையில், “உங்கள் வங்கிக் கணக்கு இன்றோடு முடங்கிவிடும்” என்று ஒருவன் தொலைபேசியில் மிரட்டினான். அவன் அனுப்பிய பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டாள்; குறுஞ்செய்தியில் வந்த ஓ.டி.பி. எண்ணையும் சொல்லிவிட்டாள். 38,000 ரூபாய் போயிற்று. அதைவிட, “இவளுக்கும் பங்கிருக்குமோ?” என்ற பேச்சுதான் அவளை வாட்டியது. இரண்டு மாதம் பட்டறைச் சாவிக்கொத்து அவள் கைக்கு வரவில்லை.

குற்றம் அவளுடையது மட்டுந்தானா? அந்தக் கடவுச்சொல் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் எழுதியிருந்தது. வேலை செய்யும் ஆறு பேரும் அறிவர். விலகிப்போன இருவரும் அறிவர். இப்படிப்பட்ட பட்டறைகள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இல்லையா?

அரசும் இதை உணராமல் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் எல்லா வணிகருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. நல்லதே. ஆயினும் ஓ.டி.பி.யும் வாயால் சொல்லிவிடக்கூடிய இரகசியமே. சொல்லக்கூடியதை ஏமாற்றியும் வாங்கலாம்.

சொல்லவே முடியாத சாவி ஒன்று இன்று உண்டு. அதன் பெயர் பாஸ்கீ. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் இதற்குக் கைகோத்தன. 2023 மே முதல் கூகுள் கணக்குகளில் வந்துவிட்டது. கைப்பேசி இரண்டு சாவிகளை உண்டாக்குகிறது. ஒன்று தளத்திடம் போகும். மற்றொன்று நம்மிடமே இரகசியமாய் இருக்கும். விரலை வைத்தால், கைப்பேசி தன் சாவியால் தளத்திற்கு விடை தருகிறது. கைரேகை வெளியே போவதில்லை. பெயர் மாறிய போலித் தளத்திற்குச் சாவி அசைவதே இல்லை. அக்காளுக்கே தெரியாத ஒன்றை அக்காள் எப்படிச் சொல்வாள்?

“கைப்பேசி தொலைந்தால்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலாளியின் கைப்பேசி, கணக்கரின் கைப்பேசி என இரண்டிலும் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். விலகியவரின் பெயரை அன்றே நீக்க வேண்டும். கைப்பேசியின் பூட்டு எண் காலண்டருக்குப் போகக் கூடாது. பாஸ்கீ எல்லாத் தளங்களிலும் இல்லை; ஆகவே மின்னஞ்சலில் தொடங்குவோம். மற்றக் கடவுச்சொற்களை மாற்றும் கடிதங்கள் அங்கேதானே வருகின்றன! பணம் போனால் அழுதுகொண்டிராமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

வணிகவியல் பயிலும் தோழர்களே! நம்மில் பலர் மாலையில் இத்தகைய கடைகளிலேயே கணக்கு எழுதுகிறோம். நாளை ஒரு தொலைபேசி மணி நம்மையும் குற்றவாளியாக்கலாம். மனிதனை “ஏமாறாதே” என்று மட்டும் அதட்டுவது நீதியன்று. அவன் ஏமாந்தாலும் திறக்காத பூட்டைக் கொடுப்பதே நீதி. இந்த விடுமுறையில் ஆளுக்கொரு பட்டறையின் காலண்டரைப் பார்த்துவிட்டு வருவோமா?