உங்கள் போனுக்கு எத்தனை வாய்?

செல்போனுக்கு இரண்டு வாய். மேலே இருப்பது காதோடு ரகசியம் பேச. கீழே இருப்பது ஊரைக் கூட்ட. காதுகள், அதாவது மைக்குகள், மாடலைப் பொறுத்து இரண்டோ மூன்றோ. போதாததற்கு இயர்பட்ஸ், கார் ஸ்பீக்கர் என்று வெளி உறவுகள் வேறு. ஒரு கால் வந்தால் சத்தம் எந்த வழியாகப் போகவேண்டும், வரவேண்டும் என்று தீர்மானிப்பது யார்?

'நான்தான்' என்பீர்கள். ஓரளவுதான். ஆப்புக்கும் முழு அதிகாரம் கிடையாது. ஆண்ட்ராய்டோ, ஐபோனின் ஐஓஎஸ்ஸோதான் தாசில்தார். ஆப் மனு போடலாம். 'ஐயா, இந்தக் காலை இயர்பட்ஸுக்கு அனுப்பிவையுங்கள்.' ஆண்ட்ராய்டில் இந்த மனுவை ஒழுங்காகப் போட ஒரே ஜன்னல் 2021-ல், பன்னிரண்டாம் பதிப்பில்தான் திறந்தது. அதற்கு முன் ஸ்பீக்கருக்கு ஒரு சுவிட்ச், புளூடூத்துக்கு ஒரு சுவிட்ச். ஒன்றைத் தட்டினால் மற்றது கோபித்துக்கொள்ளும்.

மனு இல்லாவிட்டால் பெரும்பாலும் கடைசியாக வந்தவருக்குத்தான் முன்சீட்டு. மாடியில் நீங்கள் மும்முரமாகப் பேசுகிறீர்கள். கீழே மனைவி காரை ஸ்டார்ட் செய்கிறார். போனும் காரும் பழைய சிநேகிதம். பேச்சு காருக்கு ஓடிவிடும். யாரோடு பேசினீர்கள் என்பதைப் பொறுத்து அன்றைய சாப்பாடு.

பாட்டு ஜோராகக் கேட்ட அதே இயர்பட்ஸ், கால் வந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறதா? ரிப்பேர் இல்லை. சாதாரண புளூடூத்தில் பாட்டு வருவது ஒருவழிப் பாதை. மைக்கும் வேண்டுமென்றால் இருவழிச் சந்துக்கு மாறவேண்டும். சி.டி.யில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். இந்தச் சந்தில் பழைய முறையில் 8,000, கொஞ்சம் புதியதில் 16,000. அவ்வளவுதான் இடம்.

இதைவிடப் பெரிய கண்டம், நடுவில் இயர்பட்ஸ் சார்ஜ் தீர்ந்து போவது. அப்போது ஆண்ட்ராய்டு ஆப்புக்கு ஒரு தகவல் அனுப்பும். பெயரே 'பிகமிங் நாய்ஸி'. சத்தம் வெளியே வரப்போகிறது, ஜாக்கிரதை என்று அர்த்தம். பாட்டை நிறுத்துவது ஆப் எழுதியவரின் பொறுப்பு. நல்ல ஆப் நிறுத்தும். சோம்பேறி ஆப் பஸ் முழுக்கப் பாடும்.

பாட்டாவது பரவாயில்லை. காலை அப்படி நிறுத்த முடியாதே? வேறு வாய்க்கு மாற்றித்தான் ஆகவேண்டும். வீடியோ கால் என்றால் பெரும்பாலும் பெரிய வாய்க்கு.

தெரிந்த ஆபீஸ் ஒன்றில் நடந்தது. மேனேஜர் போனில் வீடியோ கால் போட்டு, யார் யார் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று டீம் லீடருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பெயர் காதில் விழுந்தது. இயர்பட்ஸ் உயிரை விட்டது. மூன்றாவது பெயர் ஸ்பீக்கரில் வந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் எதிர் சீட்டில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான்.

"சார், ஒரு நிமிஷம்..." என்று டீம் லீடர் போனைத் தட்டுத் தடுமாறி அமுக்கினார்.

"பரவாயில்லண்ணே, பேசி முடிங்க" என்று டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். ஐந்து வருஷ சர்வீஸ்.

ஆப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அது விதிப்படிதான் நடந்தது. சம்பளம், டாக்டர் ரிப்போர்ட், அடுத்தவர் வேலை என்று பேச்சு திரும்பினால், திரையில் ஸ்பீக்கர் படம் போட்ட பட்டனை முதலில் பாருங்கள். இயர்பட்ஸ் இணைந்திருந்தால், அதைத் தட்டியதும் சத்தம் இப்போது எங்கே போகிறது என்று பெரும்பாலான ஆப்கள் பட்டியல் காட்டும். சார்ஜ் பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுங்கள்.

சில பெயர்களை அந்தந்த ஆளிடம் நேரிலேயே சொல்லிவிடுவது இன்னும் உத்தமம். அதற்கு புளூடூத் வேண்டாம், தைரியம் வேண்டும்.